அரிசி ஆலைக்கு நீராவியும் கரண்டும்: நிலக்கரியா, உமியா, மின்சார சபையா?

வன்னியில் புழுங்கல் அரிசி ஆலை வைத்திருப்பவர்களும், புதிதாக ஆலை போட நினைக்கும் கூட்டுறவுச் சங்கக்காரரும் இப்போது ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "நிலக்கரியில் ஓடும் சின்ன நிலையம் ஒன்று போட்டால் நீராவியும் வரும், கரண்டும் வரும் என்கிறார்கள். மிஞ்சும் கரண்டை மின்சார சபைக்கு விற்கலாமாம். போடலாமா?" கேட்பவர் கையில் பெரும்பாலும் ஒரு விலைமனுவும் இருக்கும்.

சுற்றி வளைக்காமல் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த முடிவைக் கரண்டை வைத்து எடுக்கக் கூடாது, சூட்டை வைத்து எடுக்க வேண்டும். உங்களுக்கு மணிக்கு எத்தனை கிலோ நீராவி வேண்டும், அது வருடத்தில் எத்தனை மாதம் வேண்டும்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எதை எரிப்பது என்பது பாதி முடிவானது மாதிரி. இங்குள்ள பெரும்பாலான ஆலைகளுக்கு அந்தப் பதில் நிலக்கரி ஆகாது. ஒரு சிலருக்கு ஆகலாம், அதையும் பார்ப்போம்.

## இரண்டையும் ஒன்றாக எடுப்பதில் என்ன லாபம்

அனல் மின் நிலையத்தில் எரிபொருளின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாகிறது. மிச்சம் வீண். நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தில் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று, மொத்தம் 900 மெகாவாட். அங்கே அந்த மிச்சச் சூட்டின் பெரும்பகுதி கடலுக்குத்தான் போகிறது. அதே சூட்டைப் பிடித்து வேறு வேலைக்குக் கொடுத்தால் எரிபொருளின் பயன் எழுபது, எண்பது வீதம் வரை ஏறும். குளிர் நாடுகளில் பல நகரங்கள் இதை நெடுங்காலமாகச் செய்கின்றன. போலந்தின் தலைநகர் வார்சோவில் சிகியெர்க்கி என்ற நிலக்கரி நிலையம் நகரத்து வீடுகளுக்குக் குழாய் வழியே சுடுநீர் அனுப்புகிறது.

வன்னியில் வீட்டைச் சூடாக்க யாரும் காசு தரப் போவதில்லை. இங்கே சூடு வேண்டியிருப்பது நெல் அவிக்கவும் காய வைக்கவும்தான். கரண்டைக் கம்பியில் எங்கேயும் அனுப்பலாம். நீராவி ஆலை மதிலைத் தாண்டி அதிக தூரம் போகாது. சூடு வாங்க ஆள் இல்லாத மாதத்தில் இந்த நிலையம் வெறும் சின்ன அனல் மின் நிலையம் ஆகிவிடும். அதுவும் மிக மோசமான ஒன்றாக.

பெரிய நிலையங்களைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். இந்தியாவின் அரச மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி.யோடு சேர்ந்து சம்பூரில் கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2021 செப்டெம்பரில், புதிய நிலக்கரி மின் நிலையங்கள் கட்டுவதில்லை என்ற உடன்பாட்டை முன்னின்று தொடங்கிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஆகவே அந்தப் பேச்சை விட்டுவிட்டு ஆலை மதிலுக்குள் நடப்பதை மட்டும் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

கணக்குக்கு ஒரு ஆலையை எடுத்துக்கொள்வோம்: நாளுக்கு 40 தொன் நெல் அவித்துக் குத்தும் ஆலை.

நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அப்படியானால் நாளுக்கு 8 தொன் உமி உங்கள் முற்றத்திலேயே விழுகிறது. ஒரு கிலோ உமியில் 3,000 கிலோகலோரிக்குச் சற்று மேல் சூடு இருக்கிறது. நல்ல நிலக்கரியில் 6,000 அளவில். எனவே அந்த 8 தொன் உமி செய்யும் வேலையை 4 தொன் நிலக்கரி செய்யும். ஆலையின் மோட்டர்கள், விசிறிகள், உயர்த்திகள் எல்லாம் சேர்த்து ஒரு தொன் நெல்லுக்கு 30 முதல் 50 அலகு கரண்டு பிடிக்கும் என்று வையுங்கள். நாளுக்கு 1,200 முதல் 2,000 அலகு.

இனி ஒவ்வொரு வழியிடமும் கேட்க வேண்டியவை:

- எரிபொருள் எங்கிருந்து வருகிறது, அதன் விலை ரூபாயிலா டொலரிலா?
- ஆலை ஓடாத மாதங்களில் கடன் தவணையை எது கட்டும்?
- ஒன்று பழுதானால் மற்றதும் சேர்ந்து நிற்குமா?
- தண்ணீர் எவ்வளவு, அது எப்படிப்பட்ட தண்ணீர்?
- சாம்பல் எங்கே போகும்?
- இரவு இரண்டு மணிக்கு ஏதாவது உடைந்தால் யார் வருவார்?

விலைமனுவில் பெரும்பாலும் இருப்பது முதல் கேள்வியின் பாதிப் பதில்தான்.

## வழி 1: நிலக்கரியில் நீராவியும் கரண்டும்

நிலக்கரிக்கு உள்ள நல்ல குணங்களை மறைக்க வேண்டியதில்லை. இடம் பிடிக்காது: நாளுக்கு 4 தொன் என்பது ஐந்து கன மீற்றர் அளவுதான். மாரி மழையில் நனைந்தாலும் உமி அளவுக்குக் கெடாது. நெருப்பு ஒரே சீராக எரியும், அழுத்தம் ஏறி இறங்காது. பொயிலர் முன்னால் நிற்பவருக்கு இது பெரிய நிம்மதி.

சிக்கல் வாசலுக்கு வெளியே தொடங்குகிறது. இலங்கையில் நிலக்கரி வெட்டப்படுவதில்லை. எல்லாம் கப்பலில்தான் வருகிறது. நுரைச்சோலைக்கு வரும் ஒரு கப்பலில் ஏறத்தாழ 60,000 தொன் இருக்கும். நம் ஆலைக்கு வேண்டியது மாதம் 100 தொன். உங்களுக்காக யாரும் கப்பல் பிடிக்கப் போவதில்லை. பெரிய இறக்குமதியாளர் ஒருவரிடம் அவர் சொல்லும் விலைக்கு வாங்கி, திருகோணமலையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ லொறியில் ஏற்ற வேண்டும். உலகச் சந்தையில் நிலக்கரி ஏறினாலும் அடி, ரூபாய் விழுந்தாலும் அடி. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்பதை 2022 எல்லோருக்கும் காட்டிவிட்டது. நுரைச்சோலைக்கே தென்மேல் பருவக்காற்று மாதங்களில் கடல் கொந்தளிப்பால் கரி இறக்க முடியாது. முன்கூட்டியே குவித்து வைக்கிறார்கள். நீங்களும் குவிக்கத்தான் வேண்டும். குவித்த கரி உள்ளுக்குள் சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். அதை நெருக்கி அமுக்கி வைக்கவும், அடிக்கடி சூடு பார்க்கவும், தீ அணைக்கவும் ஆளும் ஏற்பாடும் வேண்டும்.

அடுத்து, விற்கும் கரண்டு. விலைமனுவில் கண்ணைக் கவரும் பகுதி இதுதான், கணக்கில் முதலில் உடையும் பகுதியும் இதுதான். நுரைச்சோலையில் ஒரு அலகு எடுக்க அரைக் கிலோவுக்கும் குறைந்த கரி போதும். சில நூறு கிலோவாட் அளவுள்ள சின்ன இயந்திரத்தில், சூட்டுக்கு வேலை இல்லாமல் கரண்டுக்காக மட்டும் எரித்தால், ஒரு அலகுக்கு ஒரு கிலோ கரி வரை போகும். கப்பலில் மலிவாக வாங்கி அரைக் கிலோவில் எடுப்பவரோடு, லொறியில் விலை கொடுத்து வாங்கி ஒரு கிலோவில் எடுப்பவர் போட்டி போடுவதா? கரண்டு விற்க அனுமதிப்பத்திரமும் கொள்வனவு ஒப்பந்தமும் வேண்டும் என்பது வேறு கதை. அங்கே போகும் முன்பே கணக்கு படுத்துவிடுகிறது.

கரிச் சாம்பலில் பாரஉலோகங்களின் சுவடு உண்டு. அதை வயலில் கொட்டக் கூடாது, குளத்து அலைகரையில் கொட்டவே கூடாது. கரி விற்பவர் சாம்பலைத் திருப்பி எடுப்பாரா என்று கேளுங்கள்; பேச்சு மாறும். வடக்கில் இது வெறும் காகிதக் கேள்வியும் அல்ல. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு கட்டச் சொன்னது. அதைப் பார்த்த சனம் உங்கள் புகைபோக்கி எழும்பும்போதே கிணற்றைப் பற்றித்தான் கேட்கும். கேட்பது நியாயமும்தான்.

## வழி 2: உமியில் நீராவியும் கரண்டும்

யோசனை அழகானது. உமியை எரித்து உயர் அழுத்தத்தில் நீராவி எடுத்து, முதலில் ஒரு சிறிய சுழலியை (டர்பைன்) சுற்றவைத்துக் கரண்டு எடுத்து, வெளியே வரும் தாழ்அழுத்த நீராவியால் நெல் அவிக்கிறோம். எரிபொருள் ஏற்கெனவே முற்றத்தில் கிடக்கிறது. நிலக்கரிக்காரர் "வருடம் முழுக்கத் தட்டுப்பாடில்லாமல் எரிக்கலாம்" என்பார். ஆனால் நெல் இல்லாத மாதத்தில் நீராவி எதற்கு? காலபோக நெல் மாசி, பங்குனியில் வந்து குவியும்போது உமியும் குவிகிறது. வேலையும் உமியும் சேர்ந்தே வருகின்றன, சேர்ந்தே குறைகின்றன. இதைவிடப் பொருத்தமான எரிபொருள் அமைவது கஷ்டம்.

சரி, கரண்டு எவ்வளவு வரும்? ஒரு தொன் நெல்லின் 200 கிலோ உமி, ஒழுங்காக ஓடும் பொயிலரில் 600 கிலோ அளவு நீராவி தரும். அந்த நீராவி சின்னச் சுழலி ஒன்றைக் கடந்து போகும்போது, அழுத்தத்தைப் பொறுத்து, 20 அலகு அளவில் கிடைக்கலாம். ஆலைக்கு வேண்டியது 30 முதல் 50. அதாவது பாதியளவு உங்கள் சொந்தக் கரண்டு, மிச்சம் சபையிடமிருந்து. விற்க எதுவும் மிஞ்சாது. "மிஞ்சும்" என்று ஒருவர் சொன்னால், நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் பெரிய சுழலியைத்தான் அவர் விற்கப் பார்க்கிறார். அதற்கு உமியும் கூட வேண்டும், குளிர்விக்கத் தண்ணீரும் நிறைய வேண்டும். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பங்கு பிரிக்கும் கூட்டத்தில் போய் அந்தத் தண்ணீரைக் கேட்டுப் பாருங்கள்.

தண்ணீரின் அளவைவிட அதன் குணம் முக்கியம். கிளிநொச்சிக்கு வடக்கே சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகளில் வன்நீர் அதிகம். கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் பொயிலர் குழாய்க்குள்ளும் படிகிறது. படிவு தடிக்கத் தடிக்க உமி அதிகம் செலவாகும். குழாய் அளவுக்கு மிஞ்சிச் சூடேறி வீங்கும், ஒருநாள் வெடிக்கும். தாழ்அழுத்தப் பொயிலர் இதைக் கொஞ்சக் காலம் தாங்கும். சுழலிக்கு நீராவி கொடுக்கும் உயர்அழுத்தப் பொயிலர் தாங்காது. தண்ணீரை மென்மையாக்கும் தொகுதியும் அதற்கான உப்பும், தினமும் தண்ணீரைச் சோதித்துக் கொப்பியில் எழுதும் ஒருவரும் வேண்டும். விலைமனுவில் இதற்கு ஒரு வரிகூட இல்லையென்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உமிக்கும் தொல்லை உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். பஞ்சுபோல இலேசான பொருள். ஒரு தொன் வைக்க ஏறத்தாழ பத்துக் கன மீற்றர் இடம் வேண்டும். நாளுக்கு 8 தொன் என்றால் 80 கன மீற்றர். கூரை போட்ட கொட்டகை இல்லாவிட்டால் சோளகக் காற்று அரைவாசியை ஊருக்குள் கொண்டுபோகும், மாரி மழை மிச்சத்தை ஊற வைக்கும். ஈர உமி தொட்டியில் கட்டிப்பட்டு இறங்காது. தொழிலாளி கம்பியால் குத்திக் குத்தி இறக்குவார். ஒரு குவியல் திடீரென்று விழ, புகைபோக்கி கறுப்பாகக் கக்கும், பக்கத்து வளவில் காயப்போட்ட வெள்ளைச் சேட்டில் புள்ளி புள்ளியாகக் கரி விழும். மறுநாள் பிரதேச சபையில் முறைப்பாடு.

சாம்பலிலும் உமி நல்ல பிள்ளை இல்லை. எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும், நாளுக்கு 1.6 தொன். நான்கு தொன் நிலக்கரி அரைத் தொன் அளவில்தான் சாம்பல் தரும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அது குழாய்களை அரம்போல் தேய்க்கும். அதிக சூட்டில் வெந்த சாம்பலின் தூசை வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலும் போகும். முகக்கவசம் இல்லாமல் யாரையும் சாம்பல் அள்ள விடாதீர்கள். நம் பாட்டிமார் பல் விளக்கிய உமிக்கரி வேறு, இது வேறு.

பெரிய அளவில் இது நடக்கும் என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். திருகோணமலையில் டோக்கியோ சிமெந்து நிறுவனம் உமியும் கிளிசரியா மர விறகும் எரித்து மெகாவாட் கணக்கில் கரண்டு எடுத்திருக்கிறது. ஆனால் அது வருடம் முழுக்க ஓடும் சிமெந்து ஆலை, தனக்கென்று பொறியியலாளர் குழு உள்ள இடம். நாற்பது தொன் ஆலையில் சுழலி நின்றால், கொழும்பிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

உமியை வாயுவாக்கி இயந்திரம் ஓட்டும் முறையும் உண்டு. அதில் வரும் தார்ப் பிசினைக் கழுவி எடுப்பதே ஒரு தனித் தொழில். அதோடு இயந்திரம் தருவது முக்கியமாகக் கரண்டு. நமக்கு வேண்டியது நீராவி. விட்டுவிடலாம்.

## வழி 3: உமிப் பொயிலர், சபைக் கரண்டு, கூரையில் சோலர்

படத்தில் பார்க்க எடுப்பாக இருக்காது. தாழ்அழுத்த உமிப் பொயிலர் நெல்லை அவிக்கும். கரண்டு கம்பத்திலிருந்து வரும். பகலில் கூரை கொஞ்சம் தரும். அவசரத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர்.

இதன் பலம், ஒன்று விழுந்தால் மற்றது நிற்பதில்லை. முதல் இரண்டு வழிகளிலும் பொயிலர் நின்றால் நீராவியும் போகும், கரண்டும் போகும். ஊறப்போட்ட நெல்லை நேரத்துக்கு அவிக்காவிட்டால் புளித்து நாறும், அரிசி நிறம் மாறும், விலை விழும். அதனால் வழி 1, 2 இரண்டிலும் சபையின் இணைப்பை வெட்ட முடியாது. இங்கேதான் பலர் பார்க்காத செலவு ஒன்று இருக்கிறது. கைத்தொழில் கட்டணத்தில் அலகு விலையோடு, அந்த மாதத்தில் நீங்கள் ஒரே நேரத்தில் இழுத்த உச்ச மின்சுமைக்கும் கேவிஏ (மின்சுமையை அளக்கும் அலகு) கணக்கில் காசு உண்டு. மாதம் முழுக்கச் சொந்தக் கரண்டில் ஓட்டிவிட்டு, ஒரே ஒரு நாள் சுழலி நின்று கொஞ்ச நேரம் எல்லா மோட்டர்களையும் சபைக் கரண்டில் ஓட்டினால், அந்த உச்சத்துக்கே அந்த மாதத்துக் கட்டணம். மிச்சம் பிடிப்பதாகக் காட்டிய பணத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

சபைக் கரண்டை நம்பலாமா? முழுதாக நம்ப முடியாது. 2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின் நிலையத்துக்குள் ஏறியதாகச் சொல்லி நாடே இருண்டது. நுரைச்சோலையும் சேர்ந்து விழ, அடுத்த சில நாட்களுக்கும் மின்வெட்டு. ஆனால் அப்படிப்பட்ட நாளுக்கு வேண்டியது ஊறிய நெல்லை அவித்து முடிக்கும் அளவுக்கு ஒரு ஜெனரேட்டர். மின் நிலையம் அல்ல.

சோலர் விற்பவர் சொல்லாமல் விடுபவை மூன்று. உமித் தூசு தகடுகளில் படியும். அறுவடைக் காலத்தில் அடிக்கடி கழுவாவிட்டால் உற்பத்தி விழும். மின்கலம் இல்லாத சாதாரண இன்வேர்ட்டர், சபைக் கரண்டு போனதும் வெயில் கொளுத்தினாலும் தானும் நின்றுவிடும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்ததால் கூரைச் சோலரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. அதனால் விற்கும் வருமானத்தை நம்பிப் போடாமல், பகலில் ஆலை தானே இழுக்கும் அளவுக்குப் போடுங்கள்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | நிலக்கரி நிலையம் | உமி நிலையம் | உமிப் பொயிலர் + சபை + சோலர் |
|---|---|---|---|
| எரிபொருள் | கப்பல், டொலர், லொறி | சொந்த முற்றம் | சொந்த முற்றம். கரண்டுக்குச் சபைக் கட்டணம் |
| முதலீடு | மிக அதிகம் | அதிகம் | குறைவு. சோலரைப் பிறகும் சேர்க்கலாம் |
| சேமிக்கும் இடம் | குறைவு, தீப்பிடிக்கும் ஆபத்து | மிக அதிகம், கூரை கட்டாயம் | அதே |
| தண்ணீர்ச் சுத்திகரிப்பு | கட்டாயம் | கட்டாயம் | வேண்டும், ஆனால் எளியது |
| சாம்பல் (நாளுக்கு) | அரைத் தொன் அளவு, நச்சுச் சுவடு | 1.6 தொன், சிலிக்கா | 1.6 தொன் வரை |
| பொயிலர் நின்றால் | இரண்டும் நிற்கும் | இரண்டும் நிற்கும் | குத்து வேலையாவது நடக்கும் |
| ஆலை மூடிய மாதம் | தவணை, கிடங்குக் கரி | தவணை | சோலர் மட்டும் உழைக்கும் |

## யாருக்கு எது

நாளுக்கு நூறு தொன்னுக்குக் கீழே, வருடத்தில் சில மாதம் மட்டும் ஓடும் ஆலை என்றால் மூன்றாவது வழிதான். நெல்லை முற்றத்தில் காயவைப்பவருக்கு உமி மிஞ்சவும் செய்யும். செங்கல் சூளைக்காரரும் கோழிப் பண்ணைக்காரரும் வந்து கேட்பார்கள். இயந்திர உலர்த்தி போட்டவருக்கு நிலைமை வேறு. அவித்த நெல்லின் ஈரத்தை எடுக்க நிறையச் சூடு போகும், உமி மட்டுமட்டாகிவிடும். குறைக்கு விறகு தேடிக் காட்டுப் பக்கம் போகாதீர்கள். வேலியோரம் கிளிசரியா நட்டு வெட்டினால் வருடா வருடம் திரும்பத் தளைக்கும், மாட்டுக்கு இலையும் கிடைக்கும்.

உமி நிலையம், நெல்லைக் களஞ்சியப்படுத்தி வருடத்தில் பத்து மாதமாவது ஓட்டக்கூடிய பெரிய ஆலைக்கு, அல்லது பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று ஆலைகள் சேர்ந்து ஒரே பொயிலர் வைப்பதற்கு. கூட்டுறவுச் சங்கங்கள் யோசிக்கக்கூடிய இடம் இது. ஆனால் சுழலியைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் பொயிலரை மட்டும், பிற்காலத்தில் சுழலி பூட்டக்கூடிய அழுத்தத்துக்கு வாங்கி இரண்டு போகம் ஓட்டுங்கள். நீராவி உண்மையில் எவ்வளவு போகிறது என்று மீற்றர் சொல்லும். அதன் பிறகு சுழலியின் அளவைத் தீர்மானிக்கலாம்.

நிலக்கரி பொருந்துவது வேறு வகைத் தொழிலுக்கு: வருடம் முழுக்க இரவு பகலாக நீராவி வேண்டும், துறைமுகம் கிட்ட இருக்க வேண்டும், உமியோ விறகோ அந்த அளவுக்குக் கிடைக்காமல் இருக்க வேண்டும். பரந்தனில், மாங்குளத்தில், காங்கேசன்துறையில் கைத்தொழில் வலயங்கள் பற்றிப் பேச்சு நடக்கிறது. அங்கே அப்படி ஒரு தொழிற்சாலை வந்தால் அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 25 மெகாவாட்டைத் தாண்டும் அனல் நிலையம் என்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் கட்டாயம்.

எந்த வழியானாலும், கையெழுத்துப் போடும் முன் விற்பவரிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு: ஒரு அலகு கரண்டுக்கு எத்தனை கிலோ நீராவி, அது முழுச் சுமையில் மட்டும் அல்ல, பாதிச் சுமையிலும், எந்தக் கடினத்தன்மையுள்ள தண்ணீருக்கு உத்தரவாதம், உதிரிப்பாகம் எங்கே இருக்கிறது, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்கான புகை அளவுகளுக்கு யார் பொறுப்பு, தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி பொயிலரைப் பரிசோதிப்பிக்கும் செலவு யாருடையது. பாதிச் சுமைக் கணக்கைத் தர மறுப்பவரிடம் பொயிலரும் வாங்க வேண்டாம்.